அலுமாரிக்குள் இருந்த சீவுளிகள்

மகளின் சிறிய மாடிவீட்டுக்குக் குடிபோகுமுன், நான் ஆசையாகச் சேர்த்த பழைய தச்சு ஆயுதங்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியிருந்தது. மரம் சீவும் சீவுளி, உளி, கைவாள் என்று அலுமாரி நிறைய இருந்தன. எண்ணெய் பூசித் துடைப்பேனே தவிர, ஒன்றையும் மரத்தில் வைத்ததில்லை.

கிண்ணியாவிலிருந்து நஸீர் என்ற தச்சர் வந்தார். இருப்பதிலேயே பழைய சீவுளியை எடுத்து, "சேர், மரத்தில ஒருக்கா வச்சுப் பார்க்கட்டா?" என்றார்.

எனக்குப் பதறியது. "வேண்டாம், தேய்ஞ்சுபோகும்" என்றேன்.

"குசினிக் கதவில பாருங்கோ தம்பி," என்றாள் மனைவி. "மாரி வந்தா ஊதிப்போய்ப் பூட்டவே ஏலாது. இவரிட்டச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

நஸீர் அலகைத் தீட்டி, சமையலறைக் கதவைக் கழற்றி, விளிம்பைச் சீவினார். சுருள் சுருளாக மரம் விழுந்தது. என் சீவுளி மரத்தில் ஓடும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரும்ப மாட்டியதும், விரலால் தள்ளவே கதவு மூடிக்கொண்டது. மனைவி அதைத் திறந்து திறந்து மூடிச் சிரித்தாள்.

"எல்லாத்தையும் கொண்டுபோங்கோ," என்றேன்.

நஸீரின் முச்சக்கர வண்டி துறைமுகப் பக்கம் திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிரிவு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தச் சத்தம் இனிக் கிண்ணியாவில் தினமும் கேட்கும் என்று நினைத்தபோது, மனம் நிறைந்துவிட்டது.