கறுத்துப்போன திரை

என் தங்கை தொழிலாகக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது ஒரு கேமிங் லேப்டாப்பில். அது அடிக்கடி சிக்கி நின்றதால், மெமரியைக் கூட்டுவதற்காகத் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, கேகாலை நகரில் ஒரு கடைக்குப் போனோம்.

"விட்டுட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் கடைக்காரர். எனக்கு அது பிடிக்கவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றோம். பழைய மெமரியைக் கழற்றிவிட்டு, மேசை லாச்சியை இழுத்து, உறையில்லாத ஒன்றை எடுத்துப் பொருத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"மதர்போர்ட் போயிருச்சு தங்கச்சி. வச்சிட்டுப் போங்க, மாத்தித் தாறேன்."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் கொடுக்க வேண்டிய வீடியோ அதற்குள்தான் இருந்தது.

"காலையில கூட ஓடிச்சே அண்ணே. பழைய மெமரியத் திரும்பப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

"அதுல பிரயோசனம் இல்ல."

"பரவாயில்ல, போடுங்க. நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம்."

வேண்டாவெறுப்பாகப் போட்டார். திரை ஒளிர்ந்தது. எங்கள் முகத்தைப் பார்க்காமல், "அப்ப புதுசுலதான் கோளாறு போல" என்றார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம்.

அவர் ஏமாற்றப் பார்த்தாரா, தெரியாமல்தான் சொன்னாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிறகு வேறொரு கடையில், எங்கள் கண்முன்னால் உறை பிரித்த மெமரியைப் போட்டுக்கொண்டோம். இப்போதெல்லாம் வீடியோக்களை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறோம். வேலை முடியும்வரை, யார் டீ குடிக்கச் சொன்னாலும் நகருவதில்லை.