மைனஸ் விழுந்த மிளகுச் சரிவு

நட வேண்டிய எல்லைக் கல்லின் மேல் பாப்பாத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொல்லிமலை அரியூர் நாடு ஊராட்சியில் ஒரு மிளகுத் தோட்டம். அண்ணன் மாணிக்கத்துக்கு மேல்பாதி, தங்கை பாப்பாத்திக்குக் கீழ்பாதி என்று அளந்து கல் நடப் போன சர்வேயர் நான்.

சரிவின் நடுவில் முளை அடித்து, அதன்மேல் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தியிருந்தேன். மேல் எல்லையைப் பார்த்தபோது கோணம் பன்னிரண்டு டிகிரி. கீழ் எல்லைக்கு மைனஸ் பன்னிரண்டு. அதைப் பாப்பாத்தி திரையில் எட்டிப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், அண்ணனுக்கு ப்ளஸ்ஸு, எனக்கு மட்டும் மைனஸுங்களா? பொறந்த ஊட்டுல எனக்கு எப்பவும் இப்படித்தானுங்க. இந்தக் கல்ல நட்டா இனி அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

எனக்குச் சுருக்கென்றது. நானும் அண்ணன்களோடு வளர்ந்தவள்தான். மாணிக்கமோ, கேட்காமலே பாதி கொடுத்தவர். கண் கலங்கி நின்றார்.

விளக்கினேன். சரிவுத் தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைத்தூரம், அதாவது சமதளத் தூரம், வரும். நிலக் கணக்குக்கு அதுதான். ப்ளஸ் பன்னிரண்டுக்கும் மைனஸ் பன்னிரண்டுக்கும் கொசைன் ஒன்றே, அதன் குறியும் ப்ளஸ்தான். மைனஸ் என்றால் கருவி கீழ்நோக்கிப் பார்க்கிறது, அவ்வளவே. பாப்பாத்தி கல்லை விட்டு அசையவில்லை.

வேறு வழியின்றி கருவியைத் தூக்கிக்கொண்டு கீழ் எல்லைக்கு இறங்கினேன். அவரும் பின்னாலேயே வந்தார். அங்கிருந்து முளையைப் பார்த்தால் ப்ளஸ் பன்னிரண்டு, தூரம் அதேதான்.

“இப்பத்தான் சரியாக் காட்டுதுங்க!” தூரத்தை அவர் பார்க்கவேயில்லை.

மாணிக்கம் விடுவாரா? “என்ற எல்லையிலயும் வெச்சுப் பாருங்க மேடம்.”

மூச்சு வாங்க மேலே ஏறி வைத்தேன். அங்கிருந்து முளை கீழே இருக்கிறது, மைனஸ் பன்னிரண்டு. இப்போது அவர் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் கொல்லிமலையையே சமதளமாக்கியிருப்பேன்.

பாப்பாத்திதான் அவர் கையைப் பிடித்து இழுத்தார். “எந்திரிங்கண்ணா. மேல பாத்தாலும் கீழ பாத்தாலும் தூரம் ஒண்ணுதானுங்களாம். மேடம் அப்பவே சொன்னாங்கல்ல?”

“அப்ப நீ கேட்டியா கண்ணு?”

“அப்ப மைனஸ் எனக்குத்தானுங்களே இருந்துச்சு!”

மாணிக்கம் சிரித்துவிட்டார். இருவரும் சேர்ந்தே கல்லைத் தூக்கிக் குழியில் இறக்கினார்கள்.

மலையில் அளக்கப் போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொசைன் மைனஸைக் கண்டுகொள்ளாது. கூடப் பிறந்தவர்கள் கண்டுகொள்வார்கள். கருவியை எந்தப் பக்கம் வைத்தாலும் தூரம் மாறப்போவதில்லை. முதலில் தங்கை பக்கம் வையுங்கள்.