வீடு இருக்கா என்று கேட்ட வேலை

பால்வாடியில் வேலை பார்ப்பவர்களுக்குக் குழந்தைகளைத் தவிர வேறு வேலைகளும் வரும். சொட்டு மருந்து போடுவது, வாக்காளர் பெயர் சரிபார்ப்பது, எதுவானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். புது ஆட்களிடம் பேச எப்போதும் தயங்குவேன். அப்படிப்பட்ட என்னை, தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், ஆரணி பஸ் ஸ்டாண்டில் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். இனி இந்த வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

என்னோடு வந்தவர் சூப்பர்வைசர் ஏகாம்பரம் சார். நல்ல மனிதர். "போதுமான ஆளுங்க கணக்குல வந்தா, மார்க்கெட் பக்கம் பூட்டிக் கிடக்கிற கட்டடத்தைத் தங்கறதுக்குத் திறந்து விடுவாங்கம்மா" என்றார். உடனே எனக்கு தேவகியின் ஞாபகம் வந்தது.

தேவகி என் பால்வாடிக்குச் சத்து மாவு வாங்க வருபவள். அப்போது ஏழு மாதம். அவள் புருஷன் முனுசாமி கூலிக்குப் பட்டு நெய்பவன். சொந்தத் தறி கிடையாது. முதலாளியின் தறிக்கூடத்தில் பாவு, அதாவது நெய்வதற்கு முதலாளி தரும் நீள நூல், ஏற்றியிருக்கும் வரை, தறிக்குப் பக்கத்திலேயே புருஷனும் பெண்டாட்டியும் படுத்துக்கொள்வார்கள். அந்தப் பாவில் உள்ள சேலைகளை நெய்து அறுத்துக் கொடுத்தால் அடுத்த பாவு வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, சேலை ஓடாது, பாவும் வராது. தறிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை வாசலில் இருவரும் படுத்திருந்தார்கள். அவர்களைப் போல அங்கே இன்னும் பல குடும்பங்கள்.

காலையில் எல்லோரும் எழுந்து முகம் கழுவும் நேரத்துக்குப் போனோம். சார் ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

"வீடு இருக்கா?"

"இருக்குதுங்க. சந்தவாசல் பக்கம்."

"உங்களுக்கு?"

"இருக்குதுங்க."

முனுசாமி, "சேவூர்ல சார்" என்றான். தேவகி என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே பிச்சை எடுக்கும் பெரியவர் ஒருவர்தான் சிரித்தார். "எனுக்கு இல்ல சாமி, எழுதிக்கோ. இவனுங்களுக்கெல்லாம் பங்களா கீது. கொசுக்கடிக்கு ஆசப்பட்டு இங்க வந்து படுத்துகினு கீறானுங்கோ."

அன்று எங்கள் கணக்கில் வந்தவர் அவர் ஒருவர் மட்டுமே.

2. கேள்வியை மாற்றினோம்

அடுத்த முறை மாவு வாங்க வந்தபோது தேவகியிடமே கேட்டேன். "ஏம்மா, சேவூர்ல உனக்கு ஏது வீடு?"

"இன்னா டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? வூடு இல்லாதவன்னு தெரிஞ்சா மொதலாளி பட்டும் ஜரிகையும் நம்பிக் குடுப்பாரா? தூக்கிகினு ஓடிட்டா எங்க போய்த் தேடறதும்பாரு. ஆவணியில பாவு குடுக்கறேன்னு சொல்லிக் கீறாரு. அதான் சின்ன மாமனார் வூட்டை எங்க வூடுன்னு சொல்லி வெச்சிகினு கீறோம்."

"அங்கேயே போய் இருக்கலாமே?"

"ஒரே ரூம்ல அவங்களே கால் நீட்ட முடியல. நான் இந்த வயித்த வெச்சிகினு எங்க நீட்றது?"

தயங்கித் தயங்கி இதைச் சாரிடம் சொன்னேன். அவர், "அப்போ நாம கேட்ட கேள்வியே சரியில்லம்மா. இன்னொரு தடவை போவோம்" என்றார்.

இந்த முறை வீட்டைப் பற்றியே பேசவில்லை. "நேத்து எங்க படுத்தீங்க?" என்று மட்டும் கேட்டோம். பெயர் எழுதவில்லை. பெண்களை நான் குழாயடியில் தனித்தனியாகக் கேட்டேன். ஆண்களைச் சார் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டார். எல்லோரும் சொன்னார்கள். கட்டடத்துக்குத் தேவையான ஆட்கள் தாராளமாகவே வந்தார்கள்.

"வலி வர்றதுக்குள்ள தொறந்துடுவாங்களா டீச்சர்?" என்று தேவகி கேட்டாள்.

"தொறந்துடுவாங்கம்மா" என்றேன்.

3. சரிபார்ப்பு

பெயரில்லாத கணக்கை மேலே ஏற்றுக்கொள்ளவில்லை. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஆவணி பிறக்கும் சமயம். "தனியாக் கூப்பிட்டுக் கேட்டா சொல்லுவாங்க சார்" என்று ஏகாம்பரம் சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? ஜல்தியா முடிங்க" என்ற அதிகாரி, பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று கையைத் தட்டினார். "வீடு இல்லாதவங்கல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க!"

எதிரே டீக்கடையில் முனுசாமியின் முதலாளியிடம் வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு முதலாளிகளின் ஆட்களும் இருந்தார்கள். நெசவாளிகள் யாரும் அசையவில்லை. முனுசாமி போளூர் பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டான். பெரியவர் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தேவகி மெல்ல நடந்து வந்தாள்.

"ஏய், வாடி இங்க" என்று முனுசாமி பல்லைக் கடித்தான்.

"கட்டாந்தரையில பெத்துக்கப் போறது நீயா, நானா?" என்றாள். வந்து நின்றுவிட்டாள்.

கணக்குப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னாடா முனுசாமி, சேவூர் வூட்டை எப்போ வித்த? சொல்லவே இல்ல?"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. அதிகாரி எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரு. இதுக்கா ஒரு கட்டடம் கேட்டீங்க?" என்றபடி ஜீப்பில் ஏறினார்.

ஆவணிப் பாவு வேறொருவனுக்குப் போனது. மற்ற முதலாளிகளும் முனுசாமிக்குக் கொடுக்கவில்லை. கட்டடத்தின் பூட்டையும் திறக்கவில்லை. கடைசியாக ஒரு நாள் தேவகி வந்தாள்.

"பெங்களூருக்குப் போறோம் டீச்சர். கட்டட வேலைக்கு."

"இந்த நிலைமையிலயா?"

"அங்க வூடு கீதான்னு யாரும் கேக்க மாட்டாங்களாம்."

அவளுக்கு எந்த ஊரில் பிரசவம் ஆனது, என்ன குழந்தை என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்கே படுக்கிறார் என்று கேட்பதற்கு முன், சுற்றிலும் யார் நின்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். பதில் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று நமக்குச் சொல்லி அனுப்புவார்கள். என்ன போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நாம்தான் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சில வருஷம் கழித்து இன்னொரு கணக்கெடுப்பு வந்தது. ஏகாம்பரம் சார் ரிட்டயர் ஆகிவிட்டார். அதே பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். நேற்று எங்கே படுத்தீர்கள் என்று தனித்தனியாகத்தான் கேட்டேன். அப்படியும் எல்லோரும் "எங்க வூட்லதாங்க" என்றார்கள். மறுபேச்சுப் பேசாமல் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். அந்த வருஷமும் கட்டடம் கிடைக்கவில்லை. யாருடைய பாவும் போகவில்லை.