தார் றோட்டு ஏறுமுன் அடிக்காத காற்று

வால்வுக்குள் நெருப்புக்குச்சியை அழுத்தியதும் சீறிக்கொண்டு வெளிவரும் காற்றுக்கு வெந்த ரப்பர் மணம் ஒன்று உண்டு. எங்கள் அப்பாவின் வாடகைக் கார் பேசாலையிலிருந்து தென்கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிகளுக்குப் போகும் மணல்பாதையில் இறங்குமுன், சில்லு என்று நாங்கள் சொல்லும் நாலு சக்கரத்திலும் அந்த மணம் வரும்.

"மணலிலை டயர் தொப்பை போடவேணும், அப்பதான் புதையாது. அந்தத் தொப்பையோடை தாரிலை ஓடினால் சூடேறி வெடிக்கும்" என்பார் அப்பா. ஆகவே, திரும்பி வந்து தார் றோட்டு ஏறுமுன் நிறுத்தி, மறுபடியும் காற்றடிக்க வேண்டும். ஏறிவந்தவர்களே ஆளுக்கொரு சில்லாகப் பம்ப் அடிப்பது அங்கே வழக்கம். கருவாடு வாங்க வரும் பருத்த வியாபாரி ஒருவரிடம், "நீங்கள் இருந்த பக்கம்தான் கூடச் சப்பிப்போச்சு, நீங்களே அடியுங்கோ முதலாளி" என்று சனம் பகிடி பண்ண, அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க அடிப்பார். முடிந்ததும் அப்பா டயரை ஓர் உதை உதைத்து, சத்தத்தைக் கேட்டே "ஓம், காத்துக் காணும்" என்பார்.

ஒரு பங்குனி மத்தியானம், அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு வாடியில் வைத்தே, மாதம் நிறையுமுன், பிள்ளைநோக் கண்டுவிட்டது. அவவைப் பின்சீற்றில் கிடத்தி, அம்மா தலைமாட்டிலும், அவவின் புருசன் சித்தப்பா முன்னாலும், நான் அவருடைய காலடியிலுமாக வந்தோம். தார் றோட்டடியில் அப்பா காரை நிறுத்திப் பம்பைக் கையில் எடுத்தார்.

"அண்ணை, அவள் துடிக்கிறாள், உமக்குக் காத்தடிக்கிற நேரமோ இது? எடும் காரை!" என்று சித்தப்பா கத்தினார்.

"கொஞ்சம் பொறும், தம்பி. இப்பிடிப் போனால் ஆசுப்பத்திரி போய்ச் சேரமாட்டம்."

"அவளுக்கு ஏதும் நடந்தால் உம்மைச் சும்மா விடமாட்டன்!"

அப்பா பம்பைப் போட்டுவிட்டுக் காரை எடுத்தார். தோட்டவெளிக் கிராமம் தாண்டுமுன் பின்சில்லு வெடித்தது. மாற்றுச் சில்லைப் பூட்டி முடிப்பதற்குள், ஓர் உடைமரத்தடியில் பிள்ளை பிறந்து, மெல்ல முனகியது. றேடியேற்றருக்கு வைத்திருந்த போத்தல் தண்ணீரை ஊற்றி அம்மா அவசர ஞானஸ்நானம் கொடுத்தா. ஆசுப்பத்திரி வாசலுக்கு வரும்போது முனகல் நின்றிருந்தது.

செத்தவீட்டில் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சில்லிலை காத்திருக்கோ எண்டு பாக்கத் தெரியாதவனை நம்பி ஏத்தினனே!" கொதித்தெழுந்த அம்மாவிடம் அப்பா, "பிள்ளையைப் பறிகொடுத்தவளின்ரை வீட்டுக்குள்ளை சண்டையை மூட்டாதை" என்று மட்டும் சொன்னார். பிறகு பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் காரை ஒருவரும் கூப்பிடவில்லை. சந்தியில் நின்ற இளவட்டங்கள், "காத்துப்போன கார் வருது, விலகுங்கோ" என்றார்கள். கார் விலைப்பட்டது, அப்பாவின் சிரிப்பும் அதோடு போனது.

இப்போது வாடிவரை கொங்கிறீற் பாதை. காற்றை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். பெற்றோல் செட்டில் மெசினே அளந்து அடிக்கிறது. அப்பா இல்லை, சித்தப்பாவும் இல்லை. போன வருடம், அப்பாவின் நினைவுப் பூசை முடிந்து சேமக்காலைக் கல்லறைக்கு நடக்கையில், சின்னம்மா திடீரென்று சொன்னா:

"அத்தான் அண்டைக்குப் பம்பை எடுத்தவர். நான் பின்னாலை கிடந்து எல்லாம் கேட்டனான்."

"அதை ஏன் அப்பவே சொல்லேல்லை, சின்னம்மா?"

"அந்த மனிசனோடையெல்லோ நான் சீவிக்கவேண்டியிருந்தது, பிள்ளை."

கல்லறையில் அப்பாவிடமாவது சொல்லட்டும் என்று நான் தள்ளி நின்றேன். அவ மெழுகுதிரியைக் கொளுத்தி, அது அணையாமல் பிடிக்கும்வரை சீலைத் தலைப்பால் காற்றை மறைத்தா. பிறகு, "வெயில் ஏறுது, வா போவம்" என்றா.