தோடி வந்த மதியம்

மார்கழி வந்தால் சென்னைக்கு ஊரெல்லாம் தொண்டை முளைத்துவிடும். விடிகாலையில் பஜனை, பகலில் ஒரு கச்சேரி, மாலையில் இன்னொன்று, அது முடியுமுன் அடுத்த தெருவில் நடனம், அதற்கும் அப்பால் நாடகம். எந்தக் கதவைத் தள்ளினாலும் உள்ளே யாரோ சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். குளத்தூரிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஆண்டுதோறும் அதற்காகவே கிளம்பிப் போவோம். மகள் அங்கே வேலையில் இருக்கிறாள். அவளுடைய வாடகை வீட்டில் பையைப் போட்டுவிட்டு அரங்கம் அரங்கமாக அலைவோம். பட்டுப்புடவைகளுக்கும் மல்லிகைக்கும் நடுவே என் கணவரின் சட்டையில் கிரீஸ் வாடை அடிக்கிறதோ என்று ஆரம்பத்தில் நான் முகர்ந்து பார்த்ததுண்டு. அப்புறம் விட்டுவிட்டேன். கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு எந்த வாடையும் கிடையாது.

அவர் போர்வண்டிக்காரர். பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிற லாரிக்கும், அதோடு சேர்ந்து அலறுகிற கம்ப்ரசருக்கும் பக்கத்திலேயே அவருடைய இளமை நின்றது. குன்றாண்டார்கோவில் பக்கம் மண்ணைக் கொஞ்சம் கிளறினாலே கல். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் தக்கை கொடுத்திருந்தார்கள். எந்தப் போர்வண்டிக்காரரும் அதை அடைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"காத அடைச்சுக்கிட்டா கல்லு என்ன பேசுதுன்னு எப்புடிப் புள்ள தெரியும்?" என்பார்.

கல் இறுகுகிறதா, இளகுகிறதா, ஈரம் தட்டுகிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுகொள்வது அவர்களுடைய வழக்கம். திறந்த காதோடு நின்றால்தான் தொழில். அப்படி நின்று நின்றே அந்தக் காது போனது.

அந்த இரைச்சலுக்குள்தான் அவருக்குத் தோடி ராகமும் கிடைத்தது. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, சாமி புறப்பாடு வருகிறது, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று ஊர்க்காரர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். கம்ப்ரசரை அணைத்ததும் உண்டான அந்தப் பெரிய வெறுமையில், நாயனத்தில் தோடி நின்றுகொண்டிருந்ததாம். பெயர்கூட அப்போது தெரியாது. வானொலியிலும் கேசட்டிலும் துரத்தித் துரத்திப் பெயரைப் பிடித்திருக்கிறார். கல்யாணமாகி வந்த எனக்கு அவர் வீட்டில் முதலில் அறிமுகமானது மாமியார் அல்ல, தோடி.

போன ஐப்பசியில் திருச்சியில் காது பார்க்கிற இடத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே இருந்த பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்ப, வரும் வரும் என்று காத்திருந்தார் அவர். பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போலப் பொறுமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் அசையவில்லை. சத்தங்கள் எல்லாம் அவரைக் கடந்து போய்விட்டன என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் தெரிந்தது.

"நரம்பு போனது போனதுதாங்க," என்றார் டாக்டர். "மிச்சம் இருக்கறதும் போயிட்டேதான் இருக்கும். மெஷின் சத்தத்தக் கூட்டும். தெளிவக் கூட்டாது."

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்றோடு ஊர் திரும்பினோம். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "மார்கழிக்குப் போவோம் புள்ள. ஒரு தோடி. நேர்ல ஒக்காந்து ஒரே ஒரு தோடி கேட்டுட்டு வந்துர்றேன். அப்பறம் செவுடனா இருந்துக்கிறேன்."

நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன்: "எந்தக் கச்சேரில என்ன ராகம் பாடுவாகன்னு யாருங்க முன்கூட்டிச் சொல்வா?"

"அம்புட்டுப் பேரு பாடுறாக. ஒருத்தருக்குக்கூடவா தோடி வராது?"

"போன்ல போட்டுத் தாரேன், கேளுங்க."

"போன்ல கேட்டா தகரத்துல கல்ல உருட்டுற மாதிரி இருக்கு. குடுமியான்மலையில பாறையில சங்கீதத்த எழுத்தா வெட்டி வச்சிருக்கான்ல, இனிமே நானும் அது மாதிரி பாத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான். அதுக்கு முன்னாடி ஒரு தடவ."

கிளம்பினோம்.

மகள் எங்களுக்காக லீவு போட்டிருந்தாள். அப்பாவின் காதைப் பற்றி நான் போனில் சொன்னதிலிருந்து அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். கேட்கிறவை வேண்டாம், பார்க்கிறவையாகப் போகலாம். ஓவியக் கண்காட்சி இருக்கிறது, பழைய வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, கடற்கரையில் பொம்மலாட்டம் இருக்கிறது, மாடவீதியில் கோலப் போட்டி இருக்கிறது.

"அப்பா, இந்த ஊர்ல பாக்குறதுக்கே ஒரு மாசம் பத்தாதுப்பா. வாங்க."

"பாக்குறதுக்குக் கண்ணு இன்னும் இருக்குத்தா. அது ஓடிப் போயிராது. கேக்குற காதுதான் நிக்க மாட்டேங்குது."

இருந்தாலும் அவளுடைய மனசுக்காக ஒரு மாலை நடனத்துக்குப் போனோம். ஆடிய பெண்ணின் கால்களையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். நூறு மணிகள் ஒன்றாகக் குதிக்கிற அந்தக் கால்கள் இவருக்குப் பஞ்சில் மிதிப்பவை. வெளியே வந்ததும் மகள் ஆவலாகக் கேட்டாள், "எப்டிப்பா இருந்துச்சு?"

"மீன் தொட்டி மாதிரி அழகா இருந்துச்சுத்தா."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஆட்டோ தேடினாள்.

மறுநாளிலிருந்து கச்சேரிகள். மெஷினை மாட்டிக்கொண்டு அரங்குக்குள் உட்கார்ந்தால் அது எல்லாவற்றையும் கூட்டிக் கொடுத்தது. இருமல், பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம், நாற்காலி மடங்குகிற சத்தம், ஏசியின் முனகல், இவற்றோடு ஒன்றாகப் பாட்டும். எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே மூட்டையில். அவர் அந்த மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பதை அவருடைய நெற்றியில் பார்த்தேன். சில நேரம் தம்பூராவின் கீழ்ச் சத்தம் மட்டும் கிடைக்கும். உடனே முகம் மலரும். அடுத்த கணம் பின்வரிசையில் யாராவது தும்முவார்கள்.

மதியம் ஒன்று, மாலை ஒன்று. பைரவி வந்தது, சங்கராபரணம் வந்தது, மோகனம் மீண்டும் மீண்டும் வந்தது. தோடி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் விஸ்தாரமான ஆலாபனை தொடங்கும்போது, வந்துவிடக் கூடாது என்றும் வந்துவிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்வேன்.

ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்கு நடந்துபோகும் வழியில் மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னால் துளைபோடுகிற யந்திரம். என் கணவர் நின்றுவிட்டார். மெஷினைக் காதிலிருந்து கழற்றினார். தலையைச் சாய்த்தார்.

"இது மட்டும் நல்லாக் கேக்குது புள்ள," என்றார். சிரித்தார். "கல்லுல மாட்டிக்கிட்டான். தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. சிரிக்கவும் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம். டிக்கெட் இல்லாத கச்சேரி, பாதி அரங்கம் காலி. பாடியது மிகச் சின்ன வயசுப் பெண், எங்கள் மகளைவிட இளையவள். இரண்டு உருப்படி பாடி முடித்து, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி, காந்தார ஸ்வரத்தை ஓர் அசை அசைத்தாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தோடி. முழுசாக, அவசரமே இல்லாமல், மத்தியான வெயில் ஜன்னல் வழியாக இறங்குவதைப் போல அது இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தேடி வந்தது. கேட்க வந்தவர் என் வலதுபக்கம் உட்கார்ந்திருந்தார், பாடுகிறவளின் தொண்டையையே பார்த்துக்கொண்டு.

அரங்குக்குள் பேசக்கூடாது என்பதால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ராகத்தை முதலில் கண்டுபிடிக்கிறவர் மற்றவரின் உள்ளங்கையில் விரலால் எழுதுவது. அநேகமாக அவர்தான் எழுதுவார். தப்பாக எழுதினால் நான் கிள்ளுவேன். அதை வைத்து வீடு வரைக்கும் சண்டை நடக்கும். இப்போது நான் எழுதவில்லை. கையை மடக்கி வைத்துக்கொண்டேன். எழுதினால், இதுதான் அது, இதுதான் நீங்கள் கேட்க வந்தது, இது உங்களுக்குக் கேட்கவில்லை என்று எழுதினதாக ஆகும். எழுதாவிட்டால் அவருக்குத் தோடி இன்னும் எங்கோ இருக்கும், வராமல்.

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையை எடுத்துப் பிரித்து, விரலால் எழுதினார். 'காம்போதி'.

நான் தலையாட்டினேன்.

அவரும் தலையாட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு இடதுபக்கம் இருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "தோடின்னா இதுதான். இந்த வயசுல எப்படி இழைக்கறா பாத்தேளா!" என்றாள்.

"என்ன சொல்றாக?" என்று அவர் உதட்டசைவில் கேட்டார்.

"ஏசி குளுருதாம்," என்றேன்.

அவர் தன்னுடைய துண்டை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார். அவள் ஒன்றும் புரியாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு எடுத்து, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடிந்து, மிருதங்கத்துக்குத் தனி விட்டதும் வழக்கப்படி ஆட்கள் எழுந்து கேன்டீனுக்கு நடந்தார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வெளியே வந்து கீரை வடையும் காபியும் வாங்கினோம்.

"காம்போதி நல்லாத்தான் பாடுச்சு அந்தப் புள்ள," என்றார்.

"ஆமாங்க."

"தோடிதான் அம்புடல."

"சாயங்காலம் ஒன்னு இருக்குல்ல. அதுல வரும்."

சாயங்காலம் வரவில்லை. பெரிய அரங்கம், பெரிய பாடகர், கல்யாணி. அவர் பாதியிலேயே தூங்கிப்போனார். நான் எழுப்பவில்லை. தூக்கத்திலாவது நெற்றி விரிந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் திருச்சிக்குப் பகல் ரயில். மகள் எழும்பூருக்கு வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாக, "அடுத்த வருசம் சீக்கிரமா வாங்கப்பா," என்றாள். அவர் கையை நீட்டி அவளுடைய தலையைத் தடவினார். விழுப்புரம் தாண்டி, கரும்புக் கொல்லைகள் ஓடத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"நேத்து மத்தியானம் பாடுனது தோடிதானே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். உதடு தெரிய வேண்டும் அவருக்கு.

"யாருங்க சொன்னா?"

"நீதான் சொன்ன. அந்தப் புள்ள வாயத் தொறந்ததும் ஒன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. காம்போதிக்கு எவ அழுவா?"

"அப்பறம் ஏன் காம்போதின்னு எழுதுனீக?"

"பாப்போம்னுதான். முன்னாடில்லாம் தப்பா எழுதுனா தோலு உரியக் கிள்ளுவ. ஒரு தடவ பிலஹரிக்கு ஒரு வாரம் பேசாம இருந்தவ நீ. நேத்துத் தலைய ஆட்டுற. சீக்காளிக்குத் தலையாட்டுற மாதிரி ஆட்டுன புள்ள. அப்பத் தெரிஞ்சு போச்சு, அம்புட்டுத்தான்னு."

எதைச் சொன்னாலும் உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவளைப் போல வாயைத் திறந்து. ரயிலுக்கு ஒரு சத்தம் இருக்கிறது. அது அவரைத் தொடுகிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

"ஒரு துளியாவது கேட்டுச்சாங்க?" என்றேன் கடைசியில்.

"நாற்காலி கேட்டுச்சு," என்றார்.

பிறகு, "வருசா வருசம் நீ வந்துட்டுப் போ. மகளையாவது பாத்த மாதிரி இருக்கும். நான் வீட்டப் பாத்துக்கிறேன்," என்றார். கோபமில்லை அதில். கடையை அடைத்துவிட்டுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவரின் குரல். காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து கண்ணை மூடினார்.

பைக்குள் கிடந்து அது கூவ ஆரம்பித்தது. ஊசி மாதிரி மெல்லிய, விடாத கூவல். பேட்டரி மூடியைத் திறந்து அணைக்காமல் போட்டுவிட்டார். எதிர் இருக்கைப் பெண் தன் பைக்குள் தேடினாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஏதோ போன் அடிக்குதுங்க."

"போன் இல்லம்மா," என்றேன்.

சட்டைப்பைக்குள் விரலை விட்டேன். அவர் விழித்துக்கொண்டார்.

"என்னத்த எடுக்குற?"

"ஒன்னுமில்லங்க. தூங்குங்க."

அவர் பார்த்துக்கொண்டே இருக்க, மெஷினின் பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன்.