மைனஸில் மார்க் வாங்கிய மேனேஜர்

புதுக்கோட்டையில் டிராக்டர் விற்கும் ஒரு ஷோரூமில் நான் கிளை மேனேஜர். சரியாகச் சொன்னால், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சர்வீஸ் சூப்பர்வைசர். பழைய மேனேஜர் ஓய்வு பெற்றபோது, “கொஞ்ச நாள் பாத்துக்கப்பா” என்று பெரிய முதலாளி என்னை அதில் உட்கார வைத்தார். அந்தக் கொஞ்ச நாளில் என் தலையில் பாதி நரைத்து மீதி உதிர்ந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன வருஷம் வெயில் காலத்தில் முதலாளியின் மகன் சென்னையிலிருந்து வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதை தெரிந்த பிள்ளை. மரியாதையாகவே என் நாற்காலியை ஆட்டினார்.

“அண்ணே, அடுத்த வருஷத்துல இருந்து பிராஞ்ச் மேனேஜர்னா எம்.பி.ஏ. படிச்சிருக்கணும், இல்ல படிச்சுக்கிட்டாவது இருக்கணும்னு டிராக்டர் கம்பெனியில சொல்லிட்டாங்க. திருச்சியில ஒரு காலேஜ்ல சனி, ஞாயிறு மட்டும் கிளாஸ் நடக்குது. ஆனா என்ட்ரன்ஸ் எழுதணும். அதுல வந்துட்டீங்கன்னா நாற்காலி ஒங்களோடது.”

“வரலைன்னா தம்பி?”

“வரலைன்னா வேற ஆள எடுத்துத்தான் ஆகணும். நீங்க ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர பாத்துக்கலாம். எழுதிருவீங்கள்ல?”

“ஓ, தாராளமா!” என்றேன். வாய் சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர் ஒன்றும் கேவலமான இடமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்ததே அங்கேதான். ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு மறுபடியும் அந்தக் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நான் அதட்டி வேலை வாங்கிய மெக்கானிக்குகள் வரிசையாக வந்து, “சார், ஆயில் ஃபில்டர் ஒண்ணு” என்பார்கள். அதிலும் அந்த ‘சாரை’ விடமாட்டார்கள். அதுதான் தாங்காது.

அன்று சாயங்காலமே தயாரிப்பைத் தொடங்கிவிட்டேன். அதாவது, பயப்படத் தொடங்கினேன். படிப்பு அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

வீடு திருமயத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் போகும் நேரம்தான் படிப்பு நேரம் என்று முடிவு செய்து, போனில் ஒரு பயிற்சி ஆப் ஏற்றிக்கொண்டேன். ஒரு கை மேலே கம்பியில், ஒரு கை போனில், மூக்குக்கு நேரே யாரோ ஒருவரின் கக்கம். இந்த நிலையில் மனிதனால் எவ்வளவு விகிதாசாரம் கற்றுக்கொள்ள முடியுமோ அவ்வளவு கற்றுக்கொண்டேன். ஷோரூமில் கஸ்டமர் இல்லாத நேரத்தில் மேசை இழுப்பறைக்குள் போனை வைத்துப் படிப்பேன். யாராவது வந்தால் படாரென்று மூடுவேன். நான் இழுப்பறைக்குள் ஏதோ பாட்டில் வைத்திருப்பதாக ஒர்க் ஷாப்பில் பேச்சு கிளம்பியது. பரவாயில்லை, பரீட்சை என்பதைவிட அது கௌரவம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தலைமை மெக்கானிக்கிடம் மறைக்க முடியவில்லை. என்னோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்ன சார் கணக்கு அது?”

வேறு வழியில்லாமல் படித்துச் சொன்னேன். ஏ என்பவன் ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பான். பி பதினெட்டு நாளில் முடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாளில் முடியும்?

அவர் கையில் இருந்த கிரீஸைக் கந்தல் துணியில் துடைத்தபடி யோசித்தார்.

“சேந்து செஞ்சா முடியாது சார்.”

“ஏன்?”

“‘ஏ’ங்கிறவன் வேகமான ஆளு. பி மந்தம். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில விட்டா, பி செய்வான்னு ஏ ஒக்காந்துருவான், ஏ செய்வான்னு பி டீ குடிக்கப் போயிருவான். சாயங்காலம் வந்து ஸ்பேனர காணோம்னு ரெண்டு பேரும் ஒங்ககிட்டதான் நிப்பாய்ங்க. இருவது நாளுன்னு போடுங்க.”

விடைகளில் இருபதும் இருந்தது. இத்தனை வருஷ அனுபவம் அது சரிதான் என்றது. இருபதைத் தொட்டேன். சிவப்பில் பெருக்கல் குறி விழுந்தது. “ஆப் தப்பு சார்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முழு மாதிரித் தேர்வை முதன்முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதினேன். என் மனைவி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பயம் எனக்கு வந்ததிலிருந்து, வீட்டில் இருக்கும், பேட்டரியில் ஓடும் பிரஷர் மெஷினை அவள் என் கையிலிருந்து கழற்றுவதே இல்லை. தேர்வுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

“பரீட்சைக்கு முன்னாடிய விட இப்ப கம்மியா இருக்கே. நல்லா எழுதிட்டீங்களோ?”

“பிரமாதம். ஒரு கேள்விய விடல.”

மார்க் வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. திரையில் தூசி என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை.

“மைனஸா?” அவள் போனை வாங்கிப் பார்த்தாள். “மைனஸ்ல கூடவா மார்க் போடுவாங்க?”

தப்பான விடைக்கு மார்க்கைக் கழிப்பார்கள், தெரியாத கேள்வியை விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன்.

“அப்ப பரீட்சைக்குப் போகாம வீட்டுல படுத்துருந்தாலே இதவிட அதிகமா வாங்கிருப்பீங்க.”

“அப்படியும் சொல்லலாம்.”

“தெரியாதத ஏங்க தொட்டீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இதான். இதான் ஒங்க வியாதி. தெரியாதுன்னு ஒரு வார்த்த ஒங்க வாயில வந்து நான் கேட்டதில்ல. நேத்து ஒரு ஆளு குடுமியான்மலைக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டதுக்கு, வந்து நின்ன பஸ்ஸுல ஏத்தி விட்டீங்களே, அது அங்கிட்டுதான் போச்சா?”

அது நேர் எதிர்ப்பக்கம் போகும் காரைக்குடி பஸ். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவள் சொன்னது உண்மை. எங்கள் தொழிலில் ‘தெரியாது’ என்ற சொல் கிடையாது. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் “நாளைக்குக் காலையில” என்று சொல்ல வேண்டும். வண்டி நான்கு துண்டாகக் கழன்று கிடந்தாலும் நாளைக்குக் காலையில்தான். பாகம் வர வேண்டிய லாரி எந்த ஊரில் நிற்கிறது என்று கடவுளுக்கே தெரியாவிட்டாலும் நாளைக்குக் காலையில்தான். கஸ்டமருக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார். சர்வீஸில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. ஏதாவது ஒரு பதிலைக் கொடுத்து ஆளை அனுப்பு. இத்தனை வருஷமும் அப்படி அனுப்பித்தான் அந்த நாற்காலிக்கு வந்தேன். இப்போது கேள்வித்தாளையும் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“பரீட்ச வரைக்கும் தெனம் நாலு பேருகிட்டயாவது தெரியலைங்கன்னு சொல்லிப் பழகுங்க” என்றாள் மனைவி. மாத்திரை எழுதிக் கொடுப்பது போலச் சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும்தான் சொல்லவில்லை.

பழகத் தொடங்கிய நேரம்தான் மகா பொருத்தம். ஐப்பசி பிறக்கப் போகிறது. ஆவுடையார்கோவில் பக்கம் எல்லோரும் மழை இறங்குவதற்குள் உழுது விதைத்துவிடத் துடிக்கும் நாட்கள். அங்கிருந்து ஒரு பெரியவர் டிராக்டரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது, பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்கவில்லை. அந்தப் பம்பு எங்களிடம் கையிருப்பில் இல்லை. ஆர்டர் போட்டாயிற்று, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“மேனேஜரு, வண்டி எப்பக் கெடைக்கும்?”

நாக்கு நுனியில் ‘நாளைக்கு’ வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

“தெரியலைங்கய்யா.”

அவர் என்னையே பார்த்தார். காதில் விழவில்லையோ என்று இன்னொருமுறை சொன்னேன். பக்கத்தில் நின்ற தலைமை மெக்கானிக் என் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறை.

“தெரியலையா? தெரியலைன்னா என்னப்பா அர்த்தம்? நீதானே மேனேஜரு?”

“பம்பு வந்தாத்தான் சொல்ல முடியும். எப்ப வரும்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. சத்தியமாத் தெரியாது.”

“இதச் சொல்றதுக்கு ஒனக்கு ஒரு நாற்காலியா? போன தடவயெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னாச்சும் சொன்ன. இப்ப அதுக்கும் வக்கில்லையா?”

அவர் அங்கேயே நின்று சின்ன முதலாளிக்குப் போன் போட்டார். பத்து நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது.

“அண்ணே, கஸ்டமர்கிட்ட தெரியாதுன்னு சொன்னீங்களாமே? ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

என் நிலைமையைப் பாருங்கள். தெரியாது என்று சொல்லப் பழகாவிட்டால் பரீட்சை போய் நாற்காலி போகும். பழகினால் கஸ்டமர் போய் நாற்காலி போகும். அன்று ராத்திரி பிரஷர் மெஷினைக் கட்டிய மனைவி, அளவைப் பார்த்துவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துப் பரணில் வைத்தாள்.

பம்பு உடனே வரவில்லை. வந்தபோது பெரியவர் வண்டியை எடுக்க வந்தார். நான் மேசை இழுப்பறைக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“வாடகைக்கு ஒரு வண்டியப் பிடிச்சு ஓட்டி வெதச்சிட்டேன். மறுநா மழ. நீ நாளைக்குன்னு சொல்லிருந்தா நான் இங்கிட்டுத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்துருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இருந்தாலும் அன்னைக்கு நீ பேசுனது பேச்சில்லப்பா” என்றார். பாராட்டா திட்டா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில். வாசலில் இருந்த செக்யூரிட்டி என்னைத் தடுத்தார்.

“சார், பேரன்ட்ஸ்லாம் அங்கிட்டு நெழல்ல நிக்கலாம்.”

“நான்தாங்க எழுத வந்திருக்கேன்.”

அவர் ஹால் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, போங்க சார். தைரியமா எழுதுங்க” என்றார். அந்தக் கருணையில் பாதி தைரியம் போய்விட்டது. உள்ளே கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஸ்பேனர் பிடித்துத் தேய்ந்த விரலை மெஷினுக்குப் பிடிக்கவில்லை. பத்து விரலையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு சுண்டு விரலை ஏற்றுக்கொண்டது. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கேள்விகள் வந்தன. தெரிந்ததைப் போட்டேன். தெரியாதது வந்தபோது மவுஸைத் தள்ளி வைத்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நம்புங்கள், விடை போடாத ஒவ்வொரு கேள்வியும் எனக்கு ஒரு கஸ்டமராகத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று, “என்ன மேனேஜரு, பதில காணோம்?” என்றது. நான் மானிட்டரைப் பார்த்து உதட்டளவில் “தெரியலைங்க” என்று சொன்னேன். கண்காணிப்பாளர் இரண்டு முறை என் பக்கம் வந்து நின்றார். கணக்குப் பகுதியில் ஒரு கேள்வியில் மட்டும் மனசு கேட்கவில்லை, கையை எடுத்து ஒரு விடையைத் தொட்டுவிட்டேன். உடனே அழித்தேன். மறுபடி தொட்டேன். மறுபடி அழித்தேன். கடைசியில் வெறுமையாகவே விட்டேன். வியர்வை கீபோர்டில் சொட்டியது.

வெளியே வந்ததும் ஒரு பையன் சிநேகமாகக் கேட்டான்.

“அங்கிள், எத்தன அட்டெம்ப்ட் பண்ணீங்க?”

“பாதி இருக்கும்.”

“ஐயோ” என்றான். “நான் ரெண்டு மூணுதான் விட்டேன். பரவால்ல அங்கிள், அடுத்த வருஷம் இருக்குல்ல.”

எனக்கு அடுத்த வருஷம் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கீரனூர் வரும்வரை பஸ்ஸில் அந்தப் பாதியை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்கலாம். யார் கண்டது, கால்வாசி சரியாக இருந்திருக்கும். மனைவி பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்றுகூட நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பிரஷர் மெஷின் அவள் கையில் இருக்கிறது.

முடிவு வருவதற்குள் இன்னொன்று நடந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு இளைஞன் ஷோரூமுக்கு வந்து, சின்ன முதலாளியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். போகும்போது என் நாற்காலியை, அதில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு பார்வை பார்த்தான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. அன்று கவுன்டர் பக்கம் போய்க் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் சும்மா நின்று பார்த்தேன். மின்விசிறி இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

முடிவு மத்தியானத்தில் வந்தது. தலைமை மெக்கானிக்கிடம் போனைக் கொடுத்து, “நீங்க பாருங்கண்ணே, நான் பாக்கல” என்று திரும்பிக்கொண்டேன்.

“எத பாக்கணும்?”

“மார்க்குக்கு முன்னாடி கோடு இருக்கா?”

“கோடு இல்ல சார். ஏதோ குவாலிஃபைடுன்னு பச்சையில போட்டுருக்கு.”

கட்-ஆஃபை உரசிக்கொண்டு உள்ளே போயிருந்தேன். பெரிய மார்க் ஒன்றுமில்லை, எந்தப் பையனிடம் சொன்னாலும் சிரிப்பான். விட்டுவிட்ட கேள்விகளில் நான்கில் தப்பாகக் கையை வைத்திருந்தாலும் வெளியே நின்றிருப்பேன் என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்தது.

சின்ன முதலாளி கை கொடுத்தார். “சூப்பர்ண்ணே. நாற்காலி இனிமே ஒங்களோடதுதான். அன்னைக்கு வந்த பையன அறந்தாங்கி பிராஞ்சுக்குப் போட்டுக்கிறேன்.” மனைவிக்குப் போன் செய்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “அழுதுகிட்டு நிக்காதீங்க, தண்ணியக் குடிங்க” என்றாள். அழுதது நான் இல்லை என்று இப்போதும் சாதிக்கிறேன்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து முதல் செமஸ்டர் பாடத்திட்டம் வந்தது. முதல் பாடம் புள்ளியியல். மூன்றாவது வாரமே தேர்வு, அதற்கு அடுத்த வாரம் ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேச வேண்டும். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதை ஒருமுறை முழுக்கப் படித்தேன். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, பிரஷர் மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.