பெல்ட் ஜாயின்ட் போட்ட தண்ணீர் டப்பா

ரப்பர் சொல்யூஷன் வாசனை எங்கே வந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பஞ்சர் கடை வாசலில், நடுரோட்டில், தனியாக. அந்த வாசனைக்குள் என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருக்கிறார், மடியில் பச்சைக்குழந்தை மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு.

எங்கள் பழைய காரின் முன்கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பிடித்துவைக்கும் டப்பா அது. ஒழுகியது. வேறு ஊரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நெய்வேலியில் விடிகாலைப் பனியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்து கண்ணாடியில் படிந்துவிடும். தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் அப்படியே குழம்பாகி, ரோடு, மரம், எதிரே வரும் லாரி, எல்லாம் மறைந்துபோகும்.

எனக்கோ ரோடு அவசரமாக வேண்டியிருந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல். திங்கட்கிழமை சேர வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கியவள் நான். பக்கத்து சீட்டில் அவர் இல்லாமல் காரில் எங்கள் பிளாக்கைத் தாண்டியதில்லை.

"டப்பா ஒழுகாம நிக்கட்டும். நீ தனியா எடுத்துக்கினு போ" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் சுதந்திரம் காருக்கடியில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

மைன்ஸில் கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் ஒட்டுவது அவர் வேலை. எதை ஒட்டினாலும் அவருக்கு அது பெல்ட்தான். டப்பாவின் விலாவில் மெல்லிசாக ஒரு கீறல் தெரிந்தது; அதுதான் குற்றவாளி என்று சனிக்கிழமை தீர்ப்பாயிற்று. கம்பி பிரஷால் உரசினார். சொல்யூஷன் தடவினார். புறங்கையால் தொட்டு ஈரம் பார்த்தார். மறுபடி ஒரு பூச்சு. உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் துண்டை வைத்து, சின்னச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போனார்.

"எத்தினி டன் கரி ஏறுது அந்த பெல்ட்டுல! நம்ம ஜாயின்ட் பிரிஞ்சிதுன்னு எவனாச்சும் சொல்லட்டும். ஒரு செம்பு தண்ணிய தாங்காதா?"

"கரி ஒழுகாதுங்களே."

"பேசிக்கினே இருந்தா ஒட்டாது. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். விடிந்து பார்த்தால் ஒட்டு தோசை போல முழுசாகக் கழன்று கிடந்தது. அது ரப்பர், இது பிளாஸ்டிக், இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் அசரவில்லை. இன்னும் பெரிய துண்டாக ஒட்டிவிட்டு, மதியம் சாப்பிட்டு, தூங்கப் போனார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. டப்பாவில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து, அடியில் பழைய விடைத்தாள்களை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். கீறல் பக்கம் ஒரு பொட்டு நீலம் இல்லை. அது வெறும் மேல்தோல் கீறல். கீழே, தண்ணீரைப் பீய்ச்சும் குட்டி மோட்டார் செருகியிருக்கும் துளையிலிருந்து நீலம் கோடாக இறங்கியது. மோட்டாரை இழுத்தால் ரப்பர் வளையம் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கி வெடித்திருந்தது. ஸ்கூட்டரில் மந்தாரக்குப்பம் போய்ப் புது வளையம் வாங்கி வந்து மாட்டினேன்.

எழுந்து வந்தவர் என் நீல விரல்களைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு ஜாயின்டப் பிரிச்ச?"

"உங்க ஜாயின்ட்ட தொடவே இல்லைங்க. ஒழுகாத இடத்துல அது பாட்டுக்கு ஒழுகாம இருக்கு."

சிரிக்கவில்லை. டப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடிப்பக்கத்தை விரலால் தடவுவார், விரலைப் பார்ப்பார், மறுபடி தடவுவார். ஒரு சொட்டாவது விழாதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், விழவில்லை.

திங்கள் காலை. கண்ணாடி முழுக்கச் சாம்பல். ஸ்டீயரிங் பக்கத்து நெம்புகோலை இழுத்தேன், இரண்டு நீலக் கோடுகள் எழும்பி விழுந்தன, வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர, ரோடு வந்தது, மரம் வந்தது, யூனிஃபார்மில் நின்ற என் வீட்டுக்காரரும் வந்தார். சுற்றிவந்து ஜன்னலில் கை வைத்துக்கொண்டார்.

"லாரி வந்தா வழி வுட்டுடு."

"சரிங்க."

"பிரேக்க கொஞ்சம் முன்னாடியே மிதி."

"சரிங்க."

குரல் இறங்கியது. "நான் வேணா பின்னாடி சீட்டுல பேசாம குந்திக்கினு வரட்டுமா? இன்னிக்கு ஒரு நாளு?"

தெருமுனையில் ஷிஃப்ட் பஸ் திரும்பியது.

"உங்க பஸ் வந்துடுச்சு பாருங்க. கைய எடுத்துட்டு ஓடுங்க."